முதல் குழந்தை சிசேரியன். அடுத்தது சுகப்பிரசவம் ஆகுமா?

சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 64. அதனால் இரண்டாவது குழந்தைக்குக் காத்திருக்கும் நம் பெண்களில் மிகப் பலர் வயிற்றில் ஒரு தழும்போடுதான் மருத்துவரைப் பார்க்க வருகிறார்கள். பதில் சொல்பவர்கள் நம் மகப்பேறு ஆலோசனைக் குழுவினர்.

முதல் குழந்தை தலை திரும்பாமல் கால் கீழே இருந்ததால் ஆபரேஷன் செய்தார்கள். மூன்று வருடம் கழித்து இப்போது ஆறாவது மாதம். ‘ஒரு தடவை கத்தி வைத்துவிட்டால் அடுத்ததும் கத்திதான்’ என்கிறார் மாமியார். உண்மையா? (வாசகி, தேனி)

உண்மையல்ல. ஆனால் அந்தப் பேச்சுக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. 1916-இல் நியூயார்க்கில் எட்வின் கிராகின் என்ற மருத்துவர் ‘ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்’ என்றார். அன்றைய நிலவரத்தில் அது சரிதான். அப்போது கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்குவாட்டில் கீறித்தான் குழந்தையை எடுத்தார்கள். சுருங்கி விரிந்து குழந்தையைத் தள்ளுகிற தடித்த தசை அங்கேதான் இருக்கிறது. அங்கே போட்ட தையல் அடுத்த பிரசவ வலியில் விட்டுவிடும் வாய்ப்பு அதிகம். வலி வருவதற்கு முன்பேகூடப் பிரியலாம். இன்று பெரும்பாலும் கீறுவது கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில், குறுக்குவாட்டில். அந்த இடம் மெல்லியது, அதிகம் சுருங்காதது, நன்றாகக் கூடி ஆறுவது.

எனவே முதல் கேள்வி, உங்கள் கர்ப்பப்பையில் எந்த இடத்தில், எந்தத் திசையில் கீறினார்கள் என்பது. வெளியே தோலில் தெரியும் தழும்பு இதற்குப் பதில் சொல்லாது. தோலில் குறுக்காகவும் உள்ளே நெடுக்காகவும் இருக்கலாம், நேர்மாறாகவும் இருக்கலாம். பதில் இருப்பது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில். அதைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் பிரசவம் பார்த்த மருத்துவமனையின் ரெக்கார்ட் அறையில் சேர்க்கை எண்ணையும் தேதியையும் சொல்லிப் பிரதி கேளுங்கள். தாய்வீட்டில் முதல் பிரசவம், புகுந்த வீட்டில் இரண்டாவது என்று ஊர் மாறுகிற நம் வழக்கத்தில் அந்தக் காகிதம்தான் முதலில் தொலைகிறது. ஒன்பதாவது மாதத்தில் தேடினால் கிடைக்காது, இப்போதே தேடுங்கள்.

கையில் கிடைத்ததும் பார்க்க வேண்டியவை: ‘எல்.எஸ்.சி.எஸ்.’ என்று எழுதியிருந்தால் கீழ்ப்பகுதிக் கீறல், நல்லது. ‘கிளாசிக்கல்’, ‘தலைகீழ் டி’, ‘ஜே’ போன்ற சொற்கள் இருந்தால் கீறல் மேல்நோக்கிப் போயிருக்கிறது என்று பொருள். கிளாசிக்கல், தலைகீழ் டி கீறல்களுக்குப் பிறகு பிரசவ வலி எடுக்கவிடுவதில்லை. 36-37 வாரத்திலேயே ஆபரேஷன் திட்டமிடுவார்கள். ஜே கீறலென்றால் எவ்வளவு தூரம் மேலே போனது என்று பார்த்து மருத்துவர் முடிவெடுப்பார். கீறல் பக்கவாட்டில் தானாகக் கிழிந்து நீண்டதா, ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சலோ சீழோ இருந்ததா, கர்ப்பவாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருந்தபோது ஆபரேஷனுக்குப் போனார்கள், குழந்தையின் எடை என்ன என்பவற்றையும் மருத்துவர் பார்ப்பார். முதல் குழந்தை ஆறு ஏழு மாதத்திலேயே எடுக்கப்பட்டிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த மாதத்தில் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி சரியாக உருவாகியிருக்காது; அதனால் மேலே நெடுக்காகக் கீற வேண்டி வந்திருக்கலாம்.

இனி உங்கள் விஷயம். முதல் ஆபரேஷனுக்குக் காரணம் குழந்தை இருந்த நிலை. உங்கள் இடுப்பிலோ வலியிலோ குறை இருந்ததாக எதுவும் இல்லை. இது மிக நல்ல அறிகுறி. பொதுவாக ஒரு சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவத்துக்கு முயல்பவர்களில் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்கு அது கைகூடுகிறது. குழந்தை தலை திரும்பாததால் ஆபரேஷன் ஆனவர்களில் 84 பேருக்கு. குழந்தையின் நாடித்துடிப்பு குறைந்ததால் ஆபரேஷன் ஆனவர்களில் 73. வலி வந்தும் பிரசவம் முன்னேறாமல் நின்றுபோனவர்களில் 64. சிசேரியனுக்கு முன்போ பின்போ ஒரு சுகப்பிரசவமாவது ஆகியிருந்தால் 85 முதல் 90.

பிரசவம் முன்னேறாமல் நின்றுபோனவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘இடுப்பு எலும்பு போதாது’ என்று முதல் பிரசவத்தில் சொல்லிவிட்டார்கள் என்பதற்காக அடுத்த முறை முயலவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். குழந்தையின் தலை சற்றுச் சாய்ந்து இறங்கினாலும் பிரசவம் நின்றுபோகும்; அடுத்த குழந்தை நேராக இறங்கலாம். வாய்ப்பு குறைகிறது, இல்லாமல் போவதில்லை.

இந்தக் குழந்தையின் தலை 36-வது வாரத்தில் கீழே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்பதும் முக்கியம். ஐந்தாம் மாத ஸ்கேனில் அது கர்ப்பவாய்க்கு 20 மில்லிமீட்டருக்குள் இருப்பதாகச் சொல்லியிருந்தால் 32 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடி வாயை மறைத்துக்கொண்டே இருந்தால் சுகப்பிரசவப் பேச்சுக்கு இடமில்லை.

ஸ்கேனில் பழைய தையல் 2.1 மி.மீ. தடிமன்தான் இருக்கிறது, ‘தின்’ (மெலிந்தது) என்று எழுதியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது. (வாசகி, கும்பகோணம்)

இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. இதற்குக் கீழே ஆபத்து, இதற்கு மேலே பத்திரம் என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கோடு எதுவும் இல்லை. சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா, ஸ்கேன் வயிற்றின் மேலா உள்வழியாகவா, அளந்தவர் தசையை மட்டும் அளந்தாரா, சிறுநீர்ப்பையின் சுவரையும் சேர்த்தாரா என்பதைப் பொறுத்து அதே நாளில் அதே பெண்ணுக்கு எண் மாறும். மெலிந்த தையல் ஆபத்தைச் சற்றுக் கூட்டுகிறது என்பது சரி. ஆனால் மற்றவற்றோடு சேர்த்து எடைபோட வேண்டிய ஒன்று அது; தீர்ப்பு அல்ல. அதே தையல் இடத்தில் வலியும் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். அது வேறு விஷயம்.

இரண்டு குழந்தைகளும் சிசேரியன். முதல் தடவை தண்ணீர் உடைந்தும் வலி வரவில்லை. இரண்டாவது தடவை ‘முன்பே சிசேரியன்தானே’ என்று தேதி குறித்துச் செய்துவிட்டார்கள். எதிர்பாராமல் மூன்றாவது உண்டாகி ஐந்தாம் மாதம். இனி சுகப்பிரசவம் என்ற பேச்சுக்கே இடமில்லையா? (வாசகி, ராணிப்பேட்டை)

உங்களைப் போன்றவர்கள் கடைசியில்தான் கேட்கிறார்கள், அதுவும் தயங்கித் தயங்கி. விரிவாகவே சொல்கிறோம்.

இரண்டு கீழ்ப்பகுதிக் குறுக்குக் கீறல்களுக்குப் பிறகு சுகப்பிரசவத்துக்கு முயல்வது உலக அளவில் ஏற்கப்பட்ட ஒன்றுதான். அமெரிக்க, பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவ அமைப்புகள் இரண்டுமே, தகுந்தவரைத் தேர்ந்தெடுத்து, அனுபவமுள்ள மருத்துவர் பேசிப் புரியவைத்த பின் இதை அனுமதிக்கின்றன. கைகூடுவது நூற்றுக்கு 71 பேருக்கு. அதாவது ஒரு சிசேரியன் ஆனவர்களைவிடச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். ஆனால் கர்ப்பப்பை கிழியும் ஆபத்து கூடுகிறது. ஒரு சிசேரியனுக்குப் பின் தானாக வலி வந்தால் இருநூறில் ஒருவருக்கு அது நேர்கிறது. இரண்டுக்குப் பின் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை.

இந்த எண்ணை எப்படி வாசிப்பது? நூறில் 98, 99 பேருக்கு ஒன்றும் ஆகாது. மீதி ஒருவர் இருவருக்கு ஆகும்போது நிமிடங்களில் வயிற்றைத் திறக்க வேண்டும். தாமதமானால் குழந்தைக்கு மூளைப் பாதிப்போ மரணமோ நேரலாம்; தாய்க்குப் பெரும் ரத்தப்போக்கு, சில நேரம் கர்ப்பப்பையையே எடுக்கும் நிலையும் வரலாம். இது பயமுறுத்தச் சொன்னதல்ல. கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது.

மறுபக்கமும் இருக்கிறது. அதை நம் ஊரில் சொல்வது குறைவு. மூன்றாவது சிசேரியன் ஒன்றும் சும்மா இல்லை. ஒவ்வொரு ஆபரேஷனுக்குப் பிறகும் சிறுநீர்ப்பையும் குடலும் தழும்போடு ஒட்டிக்கொள்வது கூடுகிறது. கத்தி வைக்கும்போது அவை காயப்படும் வாய்ப்பும் கூடுகிறது. இன்னொன்று நஞ்சுக்கொடி தழும்புக்குள் வேர்விட்டு ஊடுருவுவது. நஞ்சுக்கொடி கர்ப்பவாயை மறைத்திருக்கும் பெண்களில், அது ஊடுருவியிருப்பது முதல் சிசேரியனின்போது 3 சதவீதம். இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61. அமெரிக்காவில் முப்பதாயிரம் சிசேரியன்களைத் தொடர்ந்து பார்த்து 2006-இல் வெளியிட்ட கணக்கு இது. ஊடுருவிய நஞ்சுக்கொடியைப் பிரித்தெடுக்க முடியாமல் கர்ப்பப்பையை அகற்றுவதே பெரும்பாலும் வழியாகிறது.

எனவே உங்கள் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது நஞ்சுக்கொடி இருக்கும் இடம். அது முன்பக்கச் சுவரில், கீழே, பழைய தையலின் மேல் இருக்கிறதா என்று ஐந்தாம் மாத ஸ்கேனில் கேளுங்கள். அப்படியிருந்தால் சுகப்பிரசவம், சிசேரியன் என்ற விவாதத்தைத் தள்ளிவைத்துவிட்டு, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் வசதியும் ரத்த வங்கியும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே மாறுங்கள். (இப்போதுதான் கருத்தரித்திருக்கும் மற்ற வாசகிகளுக்கு ஒரு வார்த்தை: சிசேரியன் ஆனவர்கள் அடுத்த கர்ப்பத்தில் 6-7 வாரத்திலேயே ஒரு ஸ்கேன் எடுங்கள். கரு தையலிலேயே ஒட்டி வளர்ந்தால் அப்போது கண்டுபிடிப்பதுதான் உயிரைக் காக்கும்.)

நஞ்சுக்கொடி மேலே, பத்திரமாக இருந்தால் அடுத்தது, இரண்டு கீறல்களும் கீழ்ப்பகுதிக் குறுக்குக் கீறல்கள்தான் என்பதற்கு இரண்டு சம்மரிகளும் வேண்டும். பிறகு உங்கள் முதல் ஆபரேஷனின் காரணம். வலி வரவில்லை என்கிறீர்கள். மருந்து கொடுத்தும் கர்ப்பவாய் திறக்கவில்லையா, போதிய நேரம் காத்திருக்காமல் முடிவெடுத்தார்களா என்பது அந்தக் காகிதத்தில் தெரியலாம். ஒருமுறைகூடச் சுகப்பிரசவம் ஆகாதவர், அதோடு வலி தானாக வராத வரலாறு உள்ளவர் என்பதால் உங்கள் வாய்ப்பு அந்த 71-ஐவிடக் குறைவாகவே இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. வலியைத் தூண்ட மருந்து கொடுப்பது இரண்டு தையல் உள்ளவருக்கு நல்லதல்ல. ஆகவே உங்களுக்கான திட்டம் இப்படித்தான் அமைய முடியும்: 39 வாரம் வரை காத்திருந்து, தானாக வலி வந்தால் முயல்வது, வராவிட்டால் குறித்த நாளில் ஆபரேஷன். எவ்வளவு தள்ளிப் போகலாம் என்பதை 36-வது வாரத்திலேயே பேசி ஃபைலில் எழுதவையுங்கள்.

நம் ஊரில் பெரும்பாலான மருத்துவமனைகள் ஒரு சிசேரியனுக்கு மேல் ஆனவர்களை இதற்கு ஏற்பதில்லை. ஏற்கும் இடம் கிடைக்காவிட்டால், இருக்கும் இடத்தில் ரகசியமாக வலியைத் தாங்கிக்கொண்டு தாமதமாகப் போய்ச் சேரலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். எல்லாவற்றிலும் மோசமான வழி அதுதான். மூன்றோ அதற்கு மேலோ சிசேரியன் ஆனவர்களைப் பற்றி நம்பகமான தகவல் மிகக் குறைவு. அவர்களுக்கு நாங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை.

வலி வந்த பிறகு தையல் விட்டுவிட்டால் எப்படித் தெரியும்? பழைய தையலில் ‘சுருக்’கென்று வலிக்குமா? (வாசகி, மதுரை)

வலித்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும். ஆனால் பல நேரம் முதலில் மாறுவது குழந்தையின் நாடித்துடிப்புதான். கர்ப்பப்பை கிழிந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோரிடம் காணப்படுவது அதுவே. அதனால்தான் வயிற்றில் இரண்டு பட்டைகளைக் கட்டி, ஒன்றில் குழந்தையின் துடிப்பும் மற்றொன்றில் வலியின் அளவும் பதிவாகும் சி.டி.ஜி. எந்திரத்தை வலி முறையாகத் தொடங்கியதிலிருந்து பிரசவம் வரை விடாமல் வைக்க வேண்டும் என்கிறோம். சாதாரணத் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160. வலி வந்துபோன பின்னும் துடிப்பு மீளாமல் இறங்கிக்கொண்டே போனால் காத்திருக்கக் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை நர்ஸ் வந்து கேட்டுவிட்டுப் போவது முதல் பிரசவக்காரருக்குப் போதலாம், உங்களுக்குப் போதாது.

மற்ற அறிகுறிகள்: பிரசவ வலி அலை அலையாக வரும், இடையில் விடும். இடையிலும் விடாத வலி வேறு வகை. நன்றாக வந்துகொண்டிருந்த வலி திடீரென நின்றுபோவது, கீழே இறங்கியிருந்த தலை மறுபடி மேலே ஏறிவிடுவது, புதிதாக ரத்தம் போவது, சிறுநீரில் ரத்த நிறம், தோள்பட்டை நுனியில் வலி, உங்கள் நாடி வேகமாகி மயக்கம் வருவது. இவற்றில் எது தெரிந்தாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘பொறுத்துக்கம்மா, பிரசவம்னா இப்படித்தான்’ என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னாலும் மறுபடி சொல்லுங்கள்.

முதுகில் வலிநீக்க ஊசி போட்டால் இந்த வலி மறைந்துவிடும் என்று பயந்து சிலர் மறுக்கிறார்கள். எபிடியூரல் போட்டுக்கொள்ளத் தடையில்லை. போட்ட பிறகும் புதிதாக வலி தெரிந்தாலோ, திரும்பத் திரும்பக் கூடுதல் மருந்து தேவைப்பட்டாலோ அதுவே ஓர் எச்சரிக்கை என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். தையல் சற்று விரிந்து, வெளிச்சவ்வு அப்படியே இருப்பது வேறு. முழுதாகக் கிழிவது வேறு. முன்னது மறுசிசேரியனில் வயிற்றைத் திறக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படும்; பெரும்பாலும் தாய்க்கோ குழந்தைக்கோ ஒன்றும் ஆகியிருக்காது. ‘உள்ளே தையல் பிரிந்தே இருந்தது, நல்லவேளை பிழைத்தீர்கள்’ என்று கேள்விப்படும் கதைகளில் பல இந்த வகை.

என் மருத்துவர் ‘எங்கள் ஆஸ்பத்திரியில் வீபேக் (சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம்) பார்ப்பதில்லை’ என்று முடித்துவிட்டார். பணத்துக்காகத்தானே? (வாசகர், ஈரோடு, மனைவிக்காகக் கேட்கிறார்)

எல்லா நேரமும் அப்படி இல்லை. சிறிய நர்சிங் ஹோமில் மயக்க மருந்து நிபுணர் வெளியிலிருந்து கூப்பிட்டால் வருபவர். இரவு இரண்டு மணிக்குத் தையல் விட்டால் அவர் வந்து சேர அரை மணி ஆகும். அந்த அரை மணி குழந்தைக்கு இருக்காது. அதைத் தெரிந்து ‘எங்களால் முடியாது’ என்று சொல்லும் மருத்துவர் நேர்மையானவர். அவரிடம் கோபப்படாமல், ‘எங்கே முடியும்?’ என்று கேட்டு, பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள்.

புதிய இடத்தில் கேட்க வேண்டியவை இவை. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மயக்க மருந்து நிபுணர் கட்டடத்துக்குள்ளேயே இருப்பாரா? முடிவெடுத்ததிலிருந்து குழந்தையை வெளியே எடுக்க இங்கே வழக்கமாக எத்தனை நிமிடம்? பிரசவ அறைக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் இடையே லிஃப்ட் இருக்கிறதா? சி.டி.ஜி. தொடர்ந்து வைப்பீர்களா, மூன்று பேருக்கு ஒரு எந்திரமா? என் ரத்த வகையில் ரத்தம் பொருத்திப் பார்த்துத் தயாராக இருக்குமா? பச்சிளங்குழந்தை மருத்துவர் உண்டா? எந்தக் கட்டத்தில் முயற்சியை நிறுத்தி ஆபரேஷனுக்குப் போவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு மருத்துவர் தெளிவாகப் பதில் சொன்னால், உதாரணமாக, நல்ல வலி இருந்தும் நான்கு மணி நேரத்தில் கர்ப்பவாய் மேலும் திறக்கவில்லையென்றால் நிறுத்திவிடுவோம் என்று சொன்னால், அவர் இதைச் செய்து பழகியவர் என்று நம்பலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், சீமாங்க் மையம் என்று சொல்லப்படும் அவசர தாய்சேய் நல மையங்களிலும் 24 மணி நேரமும் சிசேரியன் செய்யும் ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்குப் போகலாம், இரும்புச்சத்து மாத்திரை வாங்கலாம். பழைய சிசேரியன் உள்ளவரின் பிரசவம் அங்கே வேண்டாம். வீட்டில் கூடவே கூடாது. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

38 வாரம் ஆனதும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் வந்து தங்குங்கள். ‘ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி வந்த பிறகு வாருங்கள்’ என்பது உங்கள் மனைவிக்குப் பொருந்தாது. வலி தொடங்கியதுமே, அல்லது தண்ணீர் உடைந்ததுமே கிளம்ப வேண்டும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். ரத்தம் குறைந்த உடம்பு எந்த வகைப் பிரசவத்திலும் இழப்பைத் தாங்காது.

தேதி தாண்டிப் போனால் வலி வர ஊசி போடலாமா? விளக்கெண்ணெய், சுக்குக் கஷாயம் கொடுத்தால் தானாக வரும் என்கிறார்களே? (வாசகி, புதுக்கோட்டை)

2001-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், முன்பு ஒரு சிசேரியன் ஆன 20,095 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். கர்ப்பப்பை கிழிந்தது, வலி வருமுன்னே மறுசிசேரியன் செய்தவர்களில் ஆயிரத்துக்கு 1.6 பேருக்கு, தானாக வலி வந்தவர்களில் 5.2, புரோஸ்டாகிளாண்டின் (கர்ப்பவாயைக் கனியவைத்து வலியைத் தூண்டும் மருந்து) இல்லாமல் வேறு வழியில் வலி தூண்டப்பட்டவர்களில் 7.7, புரோஸ்டாகிளாண்டின் கொடுத்தவர்களில் 24.5. வித்தியாசம் உங்களுக்கே தெரியும். அதனால் கர்ப்பவாயைக் கனியவைக்க ஜெல் வைப்பதைப் பெரும்பாலும் தவிர்க்கிறோம். மிசோப்ரோஸ்டால் மாத்திரை பழைய சிசேரியன் உள்ளவருக்கு நிறைமாதத்தில் வைக்கவே கூடாது. சீட்டில் அந்தப் பெயர் இருந்தால், ‘எனக்கு முன்பே சிசேரியன் ஆகியிருக்கிறது’ என்று ஒரு முறைக்கு இரு முறை சொல்லுங்கள்.

அவசியம் தூண்ட வேண்டி வந்தால், கர்ப்பவாய்க்குள் சிறு பலூன் குழாயை வைத்துத் தண்ணீர் ஏற்றித் திறக்கச் செய்வது ஆபத்துக் குறைந்த வழி. கையால் சவ்வைத் தளர்த்துவதும் உண்டு. ஆக்ஸிடோசின் சொட்டு மருந்தை மிகக் குறைந்த அளவில், சி.டி.ஜி. ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் கொடுப்பார்கள். பத்து நிமிடத்தில் நான்கு வலிக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்வார்கள்.

விளக்கெண்ணெய் குடலை முடுக்கி, கூடவே கர்ப்பப்பையையும் முடுக்கிவிடும். எவ்வளவு முடுக்கும் என்று யாராலும் அளக்க முடியாது. வாந்தியும் பேதியும் வந்து உடம்பு நீர்வற்றிப்போய்ப் பிரசவ அறைக்கு வருபவரைக் கையாள்வதும் கடினம். தழும்புள்ள கர்ப்பப்பைக்கு வீட்டில் யாரும் வலி தூண்டக் கூடாது. கைவைத்தியமாகத் தரும் பொடி, லேகியம் எதுவாக இருந்தாலும் இதே பதில்தான். நடப்பதால், வீட்டு வேலை செய்வதால் கெடுதல் இல்லை, தாராளமாகச் செய்யுங்கள்.

இத்துடன் கு.க. ஆபரேஷனும் செய்துகொள்ளப் போகிறோம். எப்படியும் வயிற்றைத் திறக்கத்தானே வேண்டும், சிசேரியனாகவே செய்துவிடலாமே என்கிறார் கணவர். (வாசகி, கடலூர்)

இரண்டும் ஒன்றல்ல. சுகப்பிரசவத்துக்குப் பின் ஏழு நாளுக்குள், வழக்கமாக மறுநாளோ அதற்கடுத்த நாளோ, தொப்புளுக்குக் கீழே சிறு கீறல் போட்டுக் குழாய்களைக் கட்டிவிடுவார்கள். கர்ப்பப்பை அப்போது தொப்புள் உயரத்தில் இருப்பதால் குழாய்கள் கைக்கு எளிதாக எட்டும். கர்ப்பப்பையைத் தொட்டுக் கிழிப்பதும் இல்லை. முன்பு ஆன ஆபரேஷனால் உள்ளே ஒட்டுதல் இருந்தால் சற்றுச் சிரமப்படலாம், அவ்வளவே. கு.க.வுக்காகவே சிசேரியன் செய்துகொள்வது தேவையற்றது. கணவர் இவ்வளவு அக்கறையாகக் கேட்பதால் ஒன்று சொல்லிவிடுகிறோம்: ஆண்களுக்கான கத்தியில்லாக் கு.க. அதைவிடச் சிறியது, அன்றே வீட்டுக்குப் போய்விடலாம்.

முதல் குழந்தைக்குப் பதினோரு மாதம்தான் ஆகிறது. அது சிசேரியன். இப்போது மறுபடி மூன்று மாதக் கர்ப்பம். சுகப்பிரசவத்துக்கு முயலலாமா? (வாசகி, நாமக்கல்)

அப்படியானால் இரண்டு பிரசவங்களுக்கும் இடையே ஒன்றரை வருடம்கூட ஆகாது. பதினெட்டு மாதத்துக்குக் குறைவான இடைவெளியில் தையல் விடும் ஆபத்து இரண்டு மூன்று மடங்காகிறது. கட்டாயத் தடை இல்லை. ஆனால் இடைவெளியோடு வேறு ஏதேனும் பாதக அம்சமும் சேர்ந்தால், உதாரணமாக முன்பு சுகப்பிரசவமே ஆகாமலிருந்து வலி தூண்டவும் வேண்டி வந்தால், நாங்கள் மறுசிசேரியனையே சொல்வோம். தாய்ப்பால் கொடுக்கும்போது கரு நிற்காது என்று நம்பியிருந்தால், அடுத்த முறை பிரசவம் முடிந்த கையோடு காப்பர்-டி பற்றிக் கேளுங்கள்.

எனக்கு மறுபடி அந்த வலியும் பதற்றமும் வேண்டாம். தகுதி இருக்கிறது, முயலுங்கள் என்கிறார் மருத்துவர். எனக்கு சிசேரியன்தான் வேண்டும். இது தப்பா? (வாசகி, சென்னை)

தப்பே இல்லை. முதல் பிரசவத்தில் முப்பது மணி நேரம் துடித்துவிட்டுக் கடைசியில் தியேட்டருக்கு ஓடியவரிடம் ‘மறுபடி முயன்று பார்’ என்று வற்புறுத்த யாருக்கும் உரிமையில்லை. முயற்சி பாதியில் தோற்று அவசர ஆபரேஷன் ஆனால் தொற்று, ரத்தப்போக்கு போன்ற சிக்கல்கள் திட்டமிட்ட ஆபரேஷனைவிட அதிகம். அந்தக் கணக்கையும் உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளலாம். குழந்தைக்கு மூச்சுத்திணறலால் மூளை பாதிக்கப்படுவது முயற்சியில் பத்தாயிரத்துக்கு 8, திட்டமிட்ட சிசேரியனில் 1-க்கும் குறைவு. மூன்றாவது குழந்தை வேண்டுமென்று நினைக்கிறீர்களா என்பதை மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். மேலே சொன்ன நஞ்சுக்கொடிச் சிக்கல் அப்போதுதான் பெரிதாகிறது.

தேதி குறிக்கும்போது 39 வாரம் முடியட்டும். 37-வது வாரத்தில் நல்ல நட்சத்திரம் வருகிறது என்று முன்னதாக எடுக்கச் சொல்லாதீர்கள். நுரையீரலில் தண்ணீர் வடியாமல் மூச்சு வாங்கி, ஜாதகம் எழுதும் நேரத்தில் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும். 39-வது வாரத்திலும் நல்ல நாள் கிடைக்கும்.

இன்னொன்றும் பேசிவையுங்கள். சிசேரியனுக்குத் தேதி குறித்தவர்களில் பத்தில் ஒருவர் வரைக்கும் அதற்கு முன்பே வலி வந்துவிடுகிறது. அப்போது என்ன செய்வது என்பதை இப்போதே மருத்துவரிடம் கேட்டு ஃபைலில் எழுதவையுங்கள். வலி வந்ததும் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் உடனே கிளம்புங்கள். கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பதை மயக்க மருந்து கொடுப்பவரிடம் சரியாகச் சொல்லுங்கள். பழைய சம்மரியின் இரண்டு பிரதிகள் பையில் இருக்கட்டும்.